ஒபாரா மாமாவின் பாட்டுப் பெட்டி

கிசுமு
9 மே 1987

அலெகோ மண்ணின் மகள் அலுவோச்சுக்கு, உன் வீட்டுக்காரன் ஒகாலோ எழுதுவது.

இங்கே நான் நலம். மழை இரண்டு முறை கொட்டித் தீர்த்தது, கூரை ஒழுகவில்லை. மாமாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. என்னைத் திட்டுவதைப் பிறகு எழுதலாம்.

உன் அப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பியபோது நீ மூட்டையோடு வாசலில் நின்று சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "நான் திரும்பி வரும்போது இந்த வீட்டுல ஒரே ஒரு தட்டு கூடியிருந்தாலும், மூட்டையை இறக்காம அப்படியே எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் உங்க பாட்டுங்க உங்களுக்கு சமைச்சுப் போடட்டும்." கூடவில்லை, அலுவோச். முப்பத்தோரு நாளாயிற்று. நீ போன அன்று எண்ணூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டு இருந்தது. இன்று காலையிலும் எண்ணினேன், அதேதான். நேற்றும் எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை என்பதும் ஒரு வியாதிதான் என்று நீ சொல்வாய். சொல்லு.

அந்தக் காகிதத்தை எரித்துவிட்டேன். என் சட்டையைத் துவைக்கும்போது உன் கையில் அது கிடைத்திருக்கவே கூடாது. ரேடியோவில் சாவுச் செய்தி வாசிக்கும்போது நான் பென்சிலோடு உட்காருவது உனக்குத் தெரியும். செத்தவர் வீட்டில் பாட்டுப்பெட்டி உண்டா, தட்டு உண்டா என்று விசாரித்துக்கொண்டு சனிக்கிழமை துக்கத்துக்குப் போவதும் தெரியும். ஆனால் இன்னும் சாகாதவர்கள் பெயரையும் எழுதி வைத்திருப்பேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். அதில் ஏழாவது பெயர் உன் அப்பாவுடையது. "உங்களுக்கு மனுஷன் சாகணும், பாட்டு கிடைக்கணும், அவ்வளவுதானே?" என்று நீ கேட்டாய். மாமா செத்துப் போகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இதை மட்டும் நம்பு.

ரேடியோவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். தண்ணீர்ப் பானையை மறுபடி நிழலில் வைத்தாயிற்று. அந்தக் குளிர்ந்த மூலையில் அடுக்கியிருந்த தட்டுகளை எல்லாம் சுவரோரம் மாற்றினேன். நீ மூன்று வருஷம் வெந்நீர் குடித்தாய், பாவி நான் தட்டுகளுக்கு நிழல் கொடுத்தேன். படகுத்துறையில் மீன் எடை போட்டுவிட்டு வரும்போது ஒதேக்கின் தட்டுக் கடை வழியாக வருவதில்லை, மீன் வாடையோடு சந்தையைச் சுற்றிக்கொண்டு வருகிறேன். அப்படியும் பஸ் நிலையத்தில் அவன் கண்ணில் பட்டுவிட்டேன். பத்துப் பேருக்கு முன்னால், "என்னய்யா ஒகாலோ, பொண்டாட்டி அலெகோவுல இருந்தே கயித்தைப் பிடிச்சு இழுக்கிறாளா? நீளமான கயிறுதான்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் கையில் தட்டுகளின் ஒரு புதுக்கட்டு இருந்தது, உறை நீல நிறம். அதற்குப் பிறகு அவன் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. என்ன செய்வது, சொல்லு. பசியென்றால் உகாலிக் களி கிண்டித் தின்னலாம், இதற்கு என்ன தின்பது?

மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த இருமல் மருந்து அங்கே சியாயாவில் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே கிடைக்கும். பஸ்ஸில் கொடுத்து அனுப்பட்டுமா, நானே கொண்டு வரட்டுமா? நீ வா என்றால் வருகிறேன். வராதே என்றால் கோபிக்க மாட்டேன்.

உன் அப்பா நன்றாக இருக்கட்டும்.

ஒகாலோ


கிசுமு
2 ஜூன் 1987

அலுவோச்சுக்கு ஒகாலோ எழுதுவது.

உன் கடிதம் வந்தது. மூன்று பக்கம்! கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் நீ எனக்கு இவ்வளவு இனிமையாக எழுதியதில்லை. படித்ததும் சந்தோஷப்படாமல் ஏன் வியர்த்தது என்று கேட்காதே.

நான் மருந்து கொண்டு வந்து போனதை ஊரே பேசுகிறது என்று எழுதியிருக்கிறாய். மாமனார் படுத்திருக்கும் அறைக்குள் மாப்பிள்ளை போகக்கூடாது என்பது உங்கள் ஊர், எங்கள் ஊர், நம் எல்லா ஊருக்கும் வழக்கம். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கோழியைத் தின்று, தொண்டையைக் கனைத்துவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். நான் திரையைத் தாண்டினேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாப் பயலும் அந்தப் பக்கமே நின்னு என் இருமலைக் கேட்டுட்டுப் போறான். நீ ஒருத்தன்தான்யா உள்ள வந்து என் மூஞ்சியைப் பார்த்தே. வழக்கமாவது, மண்ணாவது!" என்றார். கை கழுவத் தண்ணீர் கொண்டு வந்த உன் அண்ணி டொர்சிலா அதைப் பார்த்துவிட்டு, செம்பைக் கீழே வைத்து அழுதாள். அவள்தான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். போதும், இனிமேல் சொல்லவேண்டாம் என்று அவளிடம் சொல். நான் அப்படியொன்றும் பெரிதாகச் செய்யவில்லை. நிஜமாகவே செய்யவில்லை.

அந்தக் காகிதத்தை மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். மாமாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும் திரும்பி வருகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். வா. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ வா. ஆனால் மாமா தட்டுகள் அடுக்கிய தன் பாட்டுப் பெட்டியை எனக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று சொல்கிறாராமே, அது வேண்டாம். பெட்டி அவர் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும். அதைக் கொண்டு வராதே. என்னைச் சோதிக்காதே.

இன்னொன்று. ஆட்டுப் பாட்டு, ஆட்டுப் பாட்டு என்று மாமா பெட்டியைக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். காய்ச்சலில் பேசுகிறவர் என்னென்னவோ கேட்பார். விட்டுவிடு, தானாக மறந்துவிடும்.

இங்கே எண்ணூற்றுப் பன்னிரண்டுதான். இப்போதெல்லாம் எண்ணுவதில்லை.

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று உன்னைக் கேட்க ஆளில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒகாலோ


கிசுமு
27 ஜூன் 1987

என் அலுவோச்சுக்கு,

இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது பக்கத்தில் யாரும் வேண்டாம். படித்து முடித்தபிறகு எல்லாரையும் கூப்பிடு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

டொர்சிலாவைப் பற்றி நீ எழுதியது முந்தாநாள் கிடைத்தது. அந்த அறையைக் கூட்டுவது அவள்தான், மாமாவின் பெட்டியிலிருந்து காணாமல் போன தட்டை சைக்கிளில் வரும் பழைய சாமான்காரனிடம் அவள்தான் விற்றிருப்பாள் என்று உன் அண்ணன் சொல்கிறான். அவளை அவள் தாய் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான். மாமா அவள் கையால் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவள் பிள்ளைகள் தலையில் அடித்து சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. படித்துவிட்டு நான் எடைமேடை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். மீன்காரிகள், "என்ன கிளார்க்கு, உன் எடையையும் போட்டுப் பார்க்கிறியா?" என்று கேலி செய்தார்கள்.

அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

அன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீயும் டொர்சிலாவும் சமையலறைக்குப் பின்னால் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தீர்கள். மாப்பிள்ளை முகத்தில் விழிக்கக்கூடாது என்ற வழக்கப்படி அத்தை தோட்டத்துப் பக்கம் போயிருந்தார். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். திரை தரை வரைக்கும் இல்லை, ஒரு சாண் தூக்கியிருக்கிறது. அந்த இடைவெளியில் பெட்டி தெரிந்தது. நான் மனதுக்குள் உன் பெயரைச் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அப்புறம் பார்த்தால் நான் திரைக்கு உள்ளே மண்டி போட்டுக்கொண்டிருக்கிறேன். எழுந்தது எப்போது, நடந்தது எப்போது, எனக்கே தெரியாது.

மாமா தூங்குகிறார் என்று நினைத்தேன். மூடியைத் திறந்தேன். மேலேயிருந்து நான்காவது தட்டு. ஒன்பது வருஷமாக நான் தேடியது, ஒதேக்கே கண்ணால் பார்க்காதது. அதை எடுத்துக் கோட்டுக்குள் செருகினேன். மூடியைச் சாத்தும்போதுதான் மாமா என் வலது கையைப் பிடித்தார். உள்ள வந்து என் மூஞ்சியைப் பார்த்தே என்றாரே, அதுவரைக்கும் நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் என்னை வாழ்த்தி முடிக்கும் வரை என் இடது கை பெட்டி மேலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. இதுதான் எல்லாவற்றையும்விட எனக்கு வெட்கமாக இருக்கிறது. திருட்டைக்கூட வியாதி என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்த இடது கையை என்னவென்று சொல்வது?

பஸ்ஸில் வரும்போதே சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. வீட்டில் மாவுப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். என் வீட்டில் எனக்கே ஒளிவு. ஐந்து வாரம் அதை ஒருமுறைகூடப் போட்டுக் கேட்கவில்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதினேனே, எண்ணினால் எண்ணூற்றுப் பதின்மூன்று வரும் என்ற பயம்தான்.

உன் கடிதத்தைப் படித்தபிறகு அதைப் போட்டேன். கிடார் ஓடுகிறது, ஓடுகிறது, நடுவில் சட்டென்று நிற்கிறது. யாரோ காசு கொடுத்துத் தன் பெருமையைப் பாட்டுக்குள் கத்தச் சொல்வார்களே, அது. பாட்டுக்காரன் கத்துகிறான்: "அலெகோ ஒபாராவைக் கூப்பிடுறேன்! மத்தவன் ஆம்பளப் புள்ளைக்கு ஆடு வெட்டுவான். ஒபாரா பொண்ணு பொறந்ததுக்கு வெட்டினான்! எவன்டா சிரிக்கிறவன்? அலுவோச்சோட அப்பன்டா அவன்!" பின்னால் ஒரு கூட்டமே ஆரவாரம் செய்கிறது. அதில் ஒரு சிரிப்பு உன் அப்பாவுடையது. மூன்று முறை கேட்டேன், அவரேதான்.

இதுதான் ஆட்டுப் பாட்டு. காய்ச்சலில் பேசவில்லை அவர். மறந்துவிடும் என்று எழுதினேனே, என் கை அழுகிப் போகட்டும். நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, உன் பெயரைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

தட்டை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, உன் பச்சைத் துணியில் சுற்றி, சியாயா பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். மாமாவின் பாட்டுப்பெட்டியில் ஊசி இல்லை என்று எழுதியிருந்தாய், அதனால் தட்டு போட என் பாட்டுப்பெட்டியையும் அனுப்புகிறேன். பேட்டரி புதியது. என் பெட்டி அங்கேயே இருக்கட்டும், எனக்குத் திரும்ப வேண்டாம். நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தட்டைக் கட்டியபிறகு இரண்டு முறை பிரித்துப் பார்த்தேன். மூன்றாவது முறை பிரிப்பதற்குள் பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ் நகர்ந்தபோது கண்டக்டரைக் கூப்பிட வாய் திறந்தது, கையால் மூடிக்கொண்டேன். இவ்வளவுதான் நான். மீதி எண்ணூற்றுப் பன்னிரண்டை என்ன செய்யலாம் என்று நீ சொல். ஒதேக்குக்கு விற்கச் சொன்னால் விற்கிறேன். ஆனால் நானாக முடிவு செய்ய என்னை நம்பாதே.

இப்போது எல்லாரையும் கூப்பிடு. டொர்சிலாவை ஆள் அனுப்பி வரவழை. அவள் வந்து உட்காரும் வரைக்கும் பாட்டைப் போடாதே. அவள் முன்னால், உன் அண்ணன் முன்னால், தட்டை எடுத்தவன் ஒகாலோ என்று சத்தமாகச் சொல். மாப்பிள்ளையாயிற்றே என்று மென்று விழுங்காதே. மாமாவுக்கும் சொல். வாழ்த்தியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் அதுவும் நியாயம்தான். நான் நேரில் வந்து டொர்சிலாவின் காலில் விழவேண்டுமென்றால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன், ஆனால் நீ வரச் சொன்னால் மட்டும்தான்.

அவர் இந்தப் பாட்டைக் கேட்கும் வரைக்கும் கடவுள் அவருக்கு மூச்சைக் கொடுக்கட்டும்.

நீ திரும்பி வா என்று கேட்க எனக்கு வாயில்லை, அதனால் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன், கவனமாகக் கேள். பாட்டு நீளம், ஒரு பக்கத்தில் அடங்காமல் பாதியில் நின்றுவிடும். முதல் பக்கத்தில் வெறும் கிடாரும் ஒப்பாரியும்தான், ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். உன் பெயர் அடுத்த பக்கத்தில்தான் வருகிறது. அவசரப்பட்டு ஊசியைத் தூக்கி மூடிவிடாதே, அலுவோச். தயவுசெய்து திருப்பிப் போடு.

உன் ஒகாலோ