சங்கு ஊதாத காலை

அக்டோபர் 3
இன்றும் திறப்பு விழா ஒத்திகை. காலையில் அபாயச் சங்கை ஊதினேன். மதகு எதையும் தூக்கவில்லை. தினமும் இதே கூத்து. அணைக்குக் கீழே ஆற்றங்கரைக் குடியிருப்பில் இருக்கும் அக்கா போனில் சிரிக்கிறாள்: "நீ சங்கு ஊதினாத்தான்டா விடிஞ்சுதுன்னு இங்க எல்லாரும் அடுப்பைப் பத்த வைக்கறோம்."

நானும் சிரித்தேன். பிறகுதான் சுருக்கென்றது. நிஜமாக ஊதும் நாளில் யார் ஓடுவார்கள்?

அக்டோபர் 8
மலையில் மழை விடவில்லை. ஏரியின் தண்ணீர் சிவப்பு அபாயக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மதகைக் கொஞ்சம் திறந்துவிடலாமே என்று பொறியாளரிடம் கேட்டேன்.

"நாட்டுத் தலைவர் திறந்துவைக்க வர்றப்போ ஏரி தளும்பணும். அவர் கை படாம ஒரு சொட்டு இறங்கக் கூடாது."

வெள்ளைக்காரன் போய் இத்தனை வருடம் கழித்து இந்த நாட்டில் நாமே கட்டிய முதல் அணையாம். மின்சாரம் முழுக்கச் செம்புச் சுரங்கத்துக்கு. அக்கா போனுக்கு சார்ஜ் போடக்கூடக் கடைக்குத்தான் போகிறாள்.

அக்டோபர் 10
தலைவர் வருகை தள்ளிப்போயிருக்கிறது. மழை தள்ளிப்போகவில்லை.

அக்டோபர் 11
தண்ணீர் அபாயக்கோட்டைத் தாண்டிவிட்டது. அணைச் சுவரில் கசிவு. பொறியாளர் போனை எடுக்கவில்லை. என் எழுத்து எனக்கே புரியவில்லை. திறந்தால் — போன வருடம் எதிர்த்துப் பேசியதற்காக ஜீப்பில் ஏற்றிப்போன பம்ப் ஆபரேட்டர் இன்னும் வீடு திரும்பவில்லை. திறக்காவிட்டால் — அணையே போகும். அக்காவும் போவாள். ஐயோ, நான் என்ன பண்ணுவேன்?

அக்காவைக் கூப்பிட்டேன். "மேட்டுக்குப் போயிடு. காலையில சங்கு ஊதிட்டுத் திறக்கப்போறேன்."

"ஊதித் தொலைக்காதே! ஊதினா எல்லாரும் அடுப்புகிட்டதான் போவாங்க. நீ பேசாம இரு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அக்டோபர் 12
ஊதவில்லை. வழக்கமான சங்கைக் காணோமே என்று ஜனம் வாசலுக்கு வந்ததாம். அக்கா தெருத்தெருவாகக் கத்தியிருக்கிறாள்: "சங்கையே நிறுத்திட்டாங்கன்னா ஏதோ விபரீதம், ஏறுங்க!" எல்லாரும் ஏறியாயிற்று என்று மேட்டிலிருந்து அவள் துணி அசைத்ததைப் பார்த்தபிறகு மதகைத் தூக்கினேன்.

அக்டோபர் 14
தலைவர் வந்தார். இறங்கிப்போன ஏரிக்கு முன்னால் பட்டனை அமுக்கினார். கைதட்டினார்கள். பொறியாளர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அக்டோபர் 15
வாசலில் ஜீப் நிற்கிறது. சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். வீடு ஆற்றோடு போனதால் அக்கா இங்கேதான் இருக்கிறாள். அடுப்பைப் பற்ற வைக்கிறாள்.

"இன்னும் சங்கு ஊதலையே அக்கா," என்றேன்.

"இனிமே யார்டா ஊதப்போறா? சாப்பிட்டுட்டுப் போ."

ஜீப்காரனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டாள்.