புஷ்பத்தக்காவுக்குக் கூட்டமே வரலையாம்

என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருசம் ஆகப் போகிறது. எம். புதுப்பட்டியில் உங்கள் கட்சி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதைச் சொல்லித் திட்டத்தான் இந்தக் கடிதம். கிளைச் செயலாளராகவே காலத்தைக் கழித்த உங்களைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவேன்?

ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல் வருகிறது. பட்டாசு ஆலையில் திரி போடுகிற நம் புஷ்பத்தக்காவைத்தான் நிறுத்த வேண்டும் என்று ஊரே கேட்டது. உங்கள் கையால் உறுப்பினர் அட்டை வாங்கியவள். வெடி விபத்து நடந்தபோது, செத்தவர்கள் வீட்டுக்கு நஷ்ட ஈடு தராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தவள். ஒன்றியச் செயலாளர் யோசித்துவிட்டு, "முதல்ல கூட்டத்தைக் கூட்டிக் காட்டுங்க, பாப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூட்டினோம். கூடம் நிரம்பிவிட்டது. ஆனால் நம் பெண்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். வாசலில் ஒரு கூடையை வைத்து, ஒவ்வொருத்தியாகச் செல்போனை அதில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். யாரும் சொல்லவில்லை. ஆலை கேட்டில் தினமும் செய்கிற பழக்கம். அச்சகத்தில் வேலை பார்க்கிற நானும் அவர்களைப் பார்த்துப் போட்டுவிட்டேன். ஆலையில் வெடிமருந்து அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பதால், இங்கேயும் அதே மாதிரி நாலு நாலு பேராக உட்கார்ந்து, அக்கா பேசப் பேசக் கை தூக்கினார்கள். ஒருத்தியும் ஒரு போட்டோ எடுக்கவில்லை.

"எங்கம்மா கூட்டம்? போட்டோ எங்க? ஆளே வரலைன்னு மேல சொல்லிட்டேன்" என்கிறார் செயலாளர்.

"போனை உள்ள கொண்டுபோனா வேலையை விட்டு நிப்பாட்டிருவாகண்ணாச்சி. பழக்கதோசத்துல வெளிய வச்சுட்டோம்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. செயலாளர் அன்றைக்கு அந்தக் கூடத்து வாசல் வழியாகத்தான் பைக்கில் போனார், அப்பா. நான் பார்த்தேன்.

சீட்டு யாருக்குத் தெரியுமா? ஆலை முதலாளியின் மருமகனுக்கு. வாக்காளர் பட்டியலில் பேர் மட்டும்தான் இங்கே. ஆள் விருதுநகரில் இருக்கிறார். ஓட்டுக் கேட்க வந்தவர் நம் தெருவுக்கே வழி கேட்டார்.

புஷ்பத்தக்கா சுயேச்சையாக நிற்கிறாள். முன்மொழிய ஒரு ஆள் வேண்டும். பெண்கள் எல்லாரும் தயார்தான். ஆனால் கையெழுத்துப் போட்டால் மறுநாள் ஆலை வேன் அவர்கள் வீட்டு முன்னால் நிற்காது. அதனால் என்னிடம் வந்தார்கள்.

விஷயம் தெரிந்து செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா போட்ட காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "தங்கம், நீ கையெழுத்துப் போட்டேன்னா கட்சிக் கொடிக்கம்பப் பீடத்துல இருக்க அப்பா பேரை அழிச்சிருவோம். யோசிச்சுக்கோ."

அந்தப் பீடம் கட்ட நீங்கள்தானே சிமெண்ட் சுமந்தீர்கள்?

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். மேலிடம் யாரைச் சொன்னாலும் வாயை மூடிக்கொண்டு வீடு வீடாக நடந்தீர்கள். ஜெயித்தவர்களில் எத்தனை பேருக்கு உங்கள் பேர் தெரியும்? இப்போது இருந்தால் என்னைத் தடுத்திருப்பீர்களா, கூட வந்திருப்பீர்களா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பயமாகவும் இருக்கிறது.

நாளைக் காலையில் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகிறோம். படிவத்தைப் பார்த்துவிட்டேன். முன்மொழிகிறவர் பேருக்குக் கீழே தந்தை பேர் கேட்கிறது. அதில் உங்கள் பேரை முழுசாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். ஒரே ஒரு தடவையாவது மேலிடம் சொல்லாத ஆளுக்கு உங்கள் பேர் துணை நிற்கட்டும்.

உங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போடப் போகிற
உங்கள் மகள்,
தங்கம்