ரோஸ் சோப்பு அடைத்த சக்கரம்

தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இன்று மனசு வரவில்லை. கையை மூன்று தடவை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சோப்பைத் தொட்டாலே குமட்டுகிறது. ஏன் என்று உனக்கே தெரியும்.

போன வருடம் நம் பட்டறையில் நீ துரு நீக்கிப் புதுசாக்கிய இரண்டு பழைய சைக்கிள்களில், கறுப்பை வாங்கினாரே கணக்கு வாத்தியார், அவர் திங்கட்கிழமை அதைத் தள்ளிக்கொண்டே வந்தார். முழங்காலில் கட்டு. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே முன் சக்கரம் கோணிக்கொண்டதாம். வயசாச்சும்மா, நாந்தான் பார்த்து ஓட்டலை என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் மனிதர்.

மேலோட்டமான துருதான் என்று நானும் அலுமினியத் தாளைக் கசக்கி, வினிகரில் நனைத்துத் தேய்த்தேன். அடியில் குரோம் மினுங்க வேண்டும். சில்வர் பெயிண்ட் புண் பொருக்கு மாதிரி உரிந்து வந்தது. கம்பி மாட்டும் ஓட்டைகளைச் சுற்றி இரும்பே இல்லை. ஆணியால் நோண்டினேன். ரோஸ் நிறத்தில் ஒரு கட்டி உள்ளங்கையில் விழுந்தது. குளிக்கிற சோப்பு! துருத்தூளும் தலைமுடியும் ஒட்டிக் கொழகொழவென்று இருந்தது. வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. துரு தின்ற ஓட்டையை இதால் அடைத்து மேலே பெயிண்ட் பூசியிருக்கிறாய். சீ!

சின்ன வயசில் காது உடைந்த கோப்பையைப் பசை தடவி அலமாரியில் வைத்தவன்தானே நீ! அம்மா மடியில் கொதிக்கிற டீ கொட்டிய பிறகுதான் வாயைத் திறந்தாய். அன்று உன் முதுகில் அடி விழாமல் குறுக்கே நின்றவள் நான். இந்தச் சக்கரத்தையும் ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கலாம். பளபளப்பைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வாத்தியாருக்கு வேறு சக்கரம் போட்டுக் கொடுத்து, உண்மையையும் சொல்லிவிட்டேன். அவர் அதில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்னொன்று, பச்சை சைக்கிள். அதை உன் மனைவிக்கென்று நீ எடுத்துப் போனாய். குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு பாலத்துச் சரிவில் பறக்கிறாள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் ஒழுங்காகச் செய்தாயா? அப்படியானால் வாத்தியார் உயிர் என்ன இளப்பமா? இல்லை, அதற்கும் சோப்புதானா?

போனில் கேட்டதற்கு, அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா என்றாய். அவள் நம்பரைக் கேட்டேன். அவளை ஏன் பயமுறுத்துறே என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம் என்று நினைப்பு.

அதனால்தான் உறையின் மேல் உன் பெயரை எழுதவில்லை. அவள் பெயரை எழுதி, அவள் வேலை செய்யும் இடத்துக்கே அனுப்புகிறேன்.

அம்மாடி, இதை முதலில் படிப்பது நீதான். காலையில் ஏறி வந்த சைக்கிளில் சாயங்காலம் ஏறாதே. அங்கேயே பூட்டிப் போட்டுவிடு. குழந்தையை விட்டிருக்கும் இடத்திலிருந்து கூட்டிக்கொண்டு, கையைப் பிடித்தபடி நடந்தே வீட்டுக்குப் போ. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். அப்புறம் இந்தக் கடிதத்தை அவனிடம் கொடு.

நீயும் குழந்தையும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அவனும்தான்.

இப்படிக்கு,
உன் நாத்தனார்