ஐம்பது வரை எண்ணினேன்

அக்கா,

முகாமிலிருந்து திரும்பி இரண்டு நாளாகிறது. என் வலது தோள் நீலம் பாரித்துக் கிடக்கிறது. காலையில் அம்மா அதில் மின்யாக் தைலம் தேய்த்துவிட்டார். அந்தக் காரமான வாசம் மூக்கில் ஏறியதும், போன வருஷம் சுங்காய் முகாமில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து நீ எனக்குத் தேய்த்துவிட்டது நினைவுக்கு வந்தது. என் அம்மாவிடம் சொல்லாததை, கூடப் பிறக்காத அக்காவான உனக்கு எழுதுகிறேன்.

பள்ளிச் சீருடைப் படையில் ஆண்களையும் பெண்களையும் ஒரே குழுவில் சேர்த்துப் பயிற்சி கொடுத்தது போன வருஷம்தான் முதல் தடவை. அதுவரை பெண்களுக்குத் தனி முகாம், தனி ஓட்டம். நம் பெயர்கள் தன் குழுவில் வாசிக்கப்பட்டதும் குழுத் தலைவன் தினேஷ் பக்கத்திலிருந்தவனிடம், "முடிஞ்சிச்சிலா, இனி நமக்குக் கடைசி எடந்தான்" என்றான். நமக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னான்.

பழைய தோட்டத்தில் வெட்டிய ரப்பர் மரம் ஒன்றை ஆறு பேர் தோளில் சுமக்க வேண்டும். பெண்கள் சும்மா கை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று பையன்கள் முதல் நாளே பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. நீ அழவில்லை, குனிந்து பார்த்தாய். குள்ளமானவர்களின் தோளை மரம் தொடவே இல்லை. கனம் முழுவதும் உயரமான இருவர் மேல், தினேஷ் மேலும் உன் மேலும். நான் தையல் நாடாவால் எல்லோருடைய தோள் உயரத்தையும் அளந்து நோட்டில் எழுதினேன். எனக்கு நான்கு மடிப்பு, இன்னொருத்திக்கு ஆறு மடிப்பு என்று குளியல் துண்டுகளை மடித்துத் தோளில் வைத்தாய். மறுநாள் மரம் ஆறு பேர் மேலும் சமமாக உட்கார்ந்தது. எனக்கு வலித்தது. அந்த வலியில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும்.

துண்டுகளைப் பார்த்து மற்றக் குழுக்கள் சிரித்தன. தினேஷுக்கு அது பொறுக்கவில்லை. இறுதிப் போட்டிக்கு முன்னால், "என்னா இது, கல்யாண வீட்டுக்கா போறீங்க?" என்று துண்டுகளை உருவிக் கால்வாயில் எறிந்தான். "மரத்துக்குத் தோளுதான் வேணும் தினேஷு. ஆம்பள தோளா பொம்பள தோளான்னு அது பாக்காது" என்றாய் நீ. அவன் கேட்கவில்லை. பாதி வழியில் நேரம் பார்க்கிற சாக்கில் அவன் மரத்துக்கு அடியிலிருந்து தன் தோளை எடுத்தான். கனம் முழுவதும் உன்மேல் இறங்கியது, மரம் விழுந்தது. பயிற்றுநரான மலாய்க்கார சார்ஜனிடம் அவன் உன் பெயரைச் சொன்னான். முகாம் புத்தகத்தில் மரத்தைக் கீழே போட்டவர் என்று உன் பெயர் ஏறியது. இராணுவக் கல்லூரிக்குப் பரிந்துரைக்கும் பட்டியலிலிருந்து அதே பெயர் இறங்கியது. மூன்று மாதம் கழித்து டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோதும் அந்த வரி அப்படியே இருந்தது.

இந்த வருஷம் குழுத் தலைவி நான். தினேஷ் படிப்பை முடித்துவிட்டுப் பயிற்றுநருக்கு உதவியாளனாக வந்திருந்தான். வந்ததும் துண்டு கூடாது என்றான். சரி அண்ணே என்றேன். எப்படித் தூக்குவது என்று நீங்களே ஒருமுறை காட்டுங்கள் என்று, சார்ஜன் காதில் விழும்படி, பணிவாகக் கேட்டேன். அவனுக்குச் சந்தோஷம்.

என் நோட்டைப் பார்த்து ஆள் பொறுக்கினேன். நான்கு பெண்கள், நான். ஐந்து பேரின் தோளுமே அவன் தோளுக்குக் கீழே. அவனை நடுவில் நிறுத்தினேன். மரம் ஏறியது. எங்களில் ஒருவர் தோளையும் அது தொடவில்லை.

நடப்பதற்கு முன்னால் ஐம்பது எண்ணும்வரை நிற்க வேண்டும். எண்ணுவது குழுத் தலைவி. நான் நிதானமாக எண்ணினேன். பத்தில் அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"துண்டு குடுலா," என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"உங்க சட்டந்தானே அண்ணே. அன்னிக்கு யாரு தோள எடுத்தா?"

பதினைந்து. பதினாறு. இருபதில் அவன் கத்திவிட்டான்: "நாந்தான். நாந்தான் எடுத்தேன்."

என்ன சொல்கிறான் என்று சார்ஜன் கேட்டார். போன வருஷத்து மரம், உன் பெயர், அவன் தோள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன். பிறகு இருபத்தொன்று என்று தொடர்ந்தேன். சார்ஜன் என்னை ஒருமுறை பார்த்தார். தடுக்கவில்லை.

நாற்பத்தாறில் அவன் முட்டி மடங்கியது. மரம் எங்கள் தோள்களுக்கு வந்தது. ஆனாலும் நாங்கள் போடவில்லை அக்கா. ஐம்பது என்று சொல்லித்தான் இறக்கினோம்.

அன்று மாலை சார்ஜன் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தார். பக்கத்தில் தினேஷையே தன் பெயரை எழுத வைத்தார். உன் வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்புவதாகவும் சொன்னார். உன் அப்பா அதை எந்த முகத்தோடு படிப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

இருபதிலேயே அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மீதி முப்பதை நான் எண்ணியிருக்கத் தேவையில்லை. நீயாக இருந்தால் நிறுத்தியிருப்பாய். இரண்டு நாளாக அந்த முப்பதுக்காக வருத்தப்பட முயன்று பார்க்கிறேன். வருத்தம் வரவில்லை அக்கா.