தாய்மாமன் கொண்டுவந்த ரயில்

ஆவணி 12, ஞாயிறு

இன்று பாப்பாவுக்குக் காது குத்து. மடியில் உட்காரவைக்க, மூன்று வருஷம் கழித்து அண்ணன் உத்திரமேரூர் வந்தார். சினிமாவில் பேர்போன வில்லன். ஷூட்டிங் இல்லாத நாளில் தரையில் உட்கார்ந்து பொம்மை ரயில் ஓட்டுகிற மனுஷன். அந்த ரயிலையே கொண்டுவந்து கூடத்தில் ஓட்டிக் காட்டினார். அவர் முகத்தைப் பார்த்ததும் பாப்பா அலறிப் பாவாடையை நனைத்துவிட்டாள்.

"துன்னலன்னா போஸ்டர்ல கீற ஆளு தூக்கிக்கினு பூடுவான்" என்று தினமும் சோறு ஊட்டியவள் நான்தான்.

தாய்மாமன் மடி இல்லாமலே காது குத்தினோம்.

கிளம்பும்போது அண்ணன் ரயிலை என்னிடம் நீட்டினார். "கொழந்தைகிட்ட குடும்மா. நான் குடுத்தேன்னு சொல்லாத."

பாப்பா அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். யார் வாங்கித் தந்தது என்று கேட்டாள். அப்பா என்றேன்.