நூறு மார்க் வாங்கிய கை

உன் பெயருக்கு நேற்று ஆஸ்பத்திரிக்கு ஒரு தபால் வந்தது. வழக்கமாகத் தபால்களை மேசையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற தபால்காரர், அந்தப் பழுப்பு உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவுக இல்லேன்னு எனக்குத் தெரியும்மா. திருப்பி அனுப்பவா, நீங்களே வாங்கிக்கிடுறீகளா?" என்றார்.

வாங்கிக்கொண்டேன். நம் தொழில்காரர்களின் மாநிலச் சங்கம் அனுப்பிய ஆண்டுப் பொதுக்குழு அழைப்பு. அன்புள்ள உறுப்பினரே என்று தொடங்கி, மதிய உணவு சைவமா அசைவமா என்பதை முன்கூட்டியே தெரிவிக்கும்படி கேட்டு முடித்திருந்தார்கள். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. சங்கத்தின் பட்டியலில் நீ இன்னும் சாப்பிட வரவேண்டிய ஆள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்றுதான் எழுதுகிறேன்.

உனக்கு அந்தச் சங்கத்தின்மேல் இருந்த நம்பிக்கை எனக்கு இருந்ததில்லை. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆக்குபேஷனல் தெரபி படித்தோம். அடிபட்டவர்களும் வாதம் வந்தவர்களும் தங்கள் அன்றாடக் காரியங்களைத் தாங்களே மறுபடி செய்யப் பழக்குவது நம் வேலை. அருப்புக்கோட்டையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நாம் சேர்ந்த காலத்தில் இதை விளக்கி மாளவில்லை. ஊருக்கு நாம் வலிக்குக் கரண்ட் வைக்கிற அக்காமார். பெரிய டாக்டருக்கு அதுவும் இல்லை. நோயாளி இரண்டு வாரம் வந்துபோனதும், வராண்டாவில் நடந்துகொண்டே "போதும், அனுப்பிருங்க" என்பார். எதை வைத்துப் போதும் என்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க நம்மிடம் ஒரு காகிதம்கூடக் கிடையாது.

காகிதத்தை நீதான் கொண்டுவந்தாய். மதுரையில் நடந்த சங்கக் கூட்டத்துக்கு முதல் பஸ்ஸில் போய், ஒரு மதிப்பீட்டுப் படிவத்தோடு திரும்பினாய். சாப்பிடுதல், குளித்தல், உடுத்துதல், கழிப்பறை, படியேறுதல் என்று பத்துக் காரியங்கள், எல்லாம் சேர்ந்து நூறு மார்க். நூறு வரும்வரை யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது, நூறு வந்துவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்தவருக்கு. சங்கம் ஏற்றுக்கொண்ட முறை இதுதான் என்று சொல்லி டாக்டரின் மேசையில் வைத்தாய். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். "சங்கமே சொல்லுதா?" என்று கேட்டார். அன்றோடு வராண்டா உத்தரவு நின்றது.

"நீயும் நானும் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனாலும் அது ரெண்டு பொம்பளைக கத்துறதுதான்டி. சங்கம் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா அதுக்குப் பேரு வேற" என்றாய். உள்ளதைச் சொன்னால், அந்த ஒரு வருடம் நானும் சங்கத்தை நம்பினேன்.

பிறகு முருகேசன் வந்தார். பாளையம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். தறியில் மாட்டி இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. மூன்று மாதம் நம்மிடம் பழகி, நூறு மார்க் வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமே திரும்பி வந்தார். சண்டை போட வரவில்லை. சந்தேகம் கேட்க வந்தவர் மாதிரி ஓரமாக நின்றார்.

"சோறு திங்கிறேன், குளிக்கிறேன், எல்லாஞ் சரி தாயி. நூலு அறுந்தா முடிச்சுப் போட வரல. மொதலாளி போகச் சொல்லிட்டாரு. முடிச்சுப் போடுறதுக்கு இந்தத் தாள்ல எத்தன மார்க்கு?"

நான் படிவத்தைப் பார்த்தேன். நீ அவர் விரல்களைப் பார்த்தாய். அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பாமல், ஒரு படிவத்தைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் எழுத ஆரம்பித்தாய். அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவது. குத்தவைத்து உட்கார்ந்து எழுவது. குடத்தை இடுப்பில் ஏற்றுவது. திருச்சுழிப் பக்கத்து உன் ஊர்க்காரர்களை நினைத்துக்கொண்டு பருத்தி எடுப்பதும் மிளகாய்க் காம்பு கிள்ளுவதும் கருவேலங்கட்டை வெட்டுவதும். கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே இடம் ஒதுக்கி முதல் வரியாக, சோற்றைப் பிசைந்து வலது கையால் உண்பது.

சாப்பிடுதல்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்றேன்.

"எடது கையில கரண்டி புடிச்சுத் தின்னாலும் அதுல முழு மார்க்குடி. நம்ம ஊருல அப்படித் தின்னா ஆளு தேறிட்டாருன்னு எவ சொல்வா?" என்றாய்.

நீ அனுப்பிய பட்டியலைச் சங்கம் தூக்கிப் போட்டுவிடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கேள்விகள் அனுப்பினார்கள். பல ஊர்களில் பலரிடம் சோதித்துப் பார்த்து எழுதித் தரச் சொன்னார்கள். ஊருக்கு ஒரு படிவம் என்று ஆகிவிட்டால் அப்புறம் தொழிலுக்கு என்ன மரியாதை என்று கேட்டார்கள். நான் எரிந்து விழுந்தேன். அவுக கேக்குறது நியாயம்தான் என்று நீ சொல்லிவிட்டு, விருதுநகரிலும் மதுரையிலும் வேலை பார்த்த நம் கல்லூரிச் செட்டுக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி வேலை வாங்கினாய். நான்கு வருடம் போனது. கடைசியில் கடிதம் வந்தது. பட்டியல் அடுத்த பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளப்படும், முன்மொழிந்தவர் நேரில் வந்து விளக்கவேண்டும். அதை நீ எனக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினாய். மூன்றாவது தடவை போதும்டி என்றேன்.

கூட்டத்துக்கு ஏழு மாதம் இருக்கும்போது உனக்கே வாதம் வந்தது, வலது பக்கம். உன் வீட்டுக்காரர் உன்னைத் தாங்கிக்கொண்டு நம் அறைக்குள் வந்து, "தங்கச்சி, நீதான் பாத்துக்கிடணும்" என்றார். நீ உட்காரும் நாற்காலியை விட்டு நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாய்.

கால் சீக்கிரம் தேறியது. கை தேறவில்லை. நான்காம் மாதம் படிவத்தை எடுத்தேன். இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாய். ஜிப் வைத்த நைட்டியை நீயே போட்டுக்கொண்டாய். கம்பியைப் பிடித்துப் படியேறினாய். கூட்டிப் பார்த்தால் நூறு. வலது கை மடியில் கிடந்தது. அதற்கு மூடத் தெரிந்தது, பிசையத் தெரியவில்லை.

"தொண்ணூறு போடுறேன். இன்னும் ரெண்டு மாசம் வா" என்றேன்.

"பொய் மார்க்குப் போடாதடி. வெளிய எத்தன பேரு காத்துக் கெடக்காக. முருகேசனுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?"

நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பழக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? நான்கு ஞாயிறு திருச்சுழி பஸ் பிடித்து வந்தேன். ஊறவைத்த அவலைத் தட்டில் போட்டு உன்னைப் பிசையச் சொன்னேன். நான்காம் ஞாயிறு உன் விரல்கள் சேர்ந்து ஒரு பிடி எடுத்தன. வாய்க்குப் போகும் வழியில் எல்லாம் சிந்திவிட்டது. ஆனால் எடுத்தாய். ஐந்தாம் ஞாயிறு எங்கள் வீட்டுக் கடைக்குச் சரக்கு வந்து இறங்கியது. அதற்கடுத்த ஞாயிறு ஒரு காதுகுத்து. அதற்கும் அடுத்த ஞாயிறு ஏன் வரவில்லை என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. காரணமே இல்லாமலும் இருந்திருக்கலாம். நீ ஒருநாளும் கேட்கவில்லை.

பொதுக்குழு அன்று காலை உன்னைக் கூட்டிப்போக வந்தேன். உன் வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்தினார். "வரலேங்குறா தங்கச்சி. என்னன்னு நீயே கேளு."

நீ சேலை கட்டித் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாய்.

"மத்தியானம் இலை போடுவாகடி" என்றாய். எனக்குப் புரியவில்லை. "அம்புட்டுப் பேரும் நம்ம தொழில்காரவுக. நான் கரண்டி புடிச்சுத் திங்கிறத எல்லாரும் பாப்பாக. தன் கையவே சரி பண்ண முடியாதவ பட்டியல் கொண்டாந்திருக்கான்னு வாய் விட்டுச் சொல்ல மாட்டாக. நெனப்பாக."

சாப்பிடாமல் கிளம்பி வந்துவிடலாம் என்றேன். நீ எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தனியாகப் போனேன்.

உன் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். எழுந்து, உடம்பு சரியில்லை என்றேன். நீ ஏன் வரவில்லை என்ற உண்மையை அங்கே அப்படியே சொல்லியிருந்தால், அந்தப் பட்டியலுக்கு வேறு விளக்கமே வேண்டியிருக்காது. அது எனக்கு நிற்கும்போதே தெரிந்தது. உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் சரி. பட்டியலை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தார்கள். மத்தியானம் இலை போட்டார்கள். நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஆண்டு வரை நீ இருக்கவில்லை. வாதம் இரண்டாம் முறை வந்தபோது, அருப்புக்கோட்டைக்குக் கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நேற்று அழைப்பைப் படித்ததும் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன். நீ இறந்தது அவருக்குத் தெரியாது. பட்டியலை நான் முன்மொழியலாமா என்று கேட்டேன்.

"முன்மொழிஞ்சவங்க இல்லேன்னா அது தானா விழுந்துரும்மா. நீங்க புதுசாக் கொண்டு வரலாம். ஆனா இப்ப வேற குழு. மறுபடியும் சோதிச்சு எழுதித் தரணும்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அவர்மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுபடியும் நான்கு வருடம். விருதுநகர்க்காரி வெளிநாடு போய்விட்டாள். உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, இரண்டு பேர் பார்த்த கூட்டத்தை நான் ஒருத்தி பார்க்கிறேன். செய்து முடிக்கிறேன் என்று உனக்கு இங்கே எழுதுவது எனக்குச் சுலபம். செய்யமாட்டேன் என்று எனக்குத் தெரியும். உன்னிடமாவது பொய் சொல்லாமல் இருக்கிறேன்.

உன்னிடமிருந்து ஒன்றை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். படிவத்தைத் தொடும் முன்னால் நீ நோயாளியிடம், "இந்தக் கை ஒங்களுக்கு எதுக்கு வேணும்?" என்று கேட்பாய். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பாய். இன்று காலை அதை வீரசோழனிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அம்மாவிடம் கேட்டேன். துணிக்கடை வைத்திருக்கிறவர். மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்து, இரண்டு மாதமாக வருகிறார்.

"துணி கிழிக்கணும்மா. அளந்து, ஓரத்துல சின்னதா ஒரு வெட்டுக் குடுத்து, ஒரே இழுப்புல கிழிக்கணும்" என்றார்.

"கத்தரி வச்சு வெட்டலாமே?"

"கத்தரி கோணிப்போகும்மா. கிழிச்சாத்தான் இழை புடிச்சு நேரா வரும். வாங்குறவுகளும் அந்தச் சத்தத்தத்தான் நம்புவாக."

ஒரு பழைய துணியைக் கொடுத்தேன். வெட்டுக் கொடுத்து இழுத்தார். பாதியில் நின்றுவிட்டது. துணியை மடித்து என்னிடமே தந்தார். வெளியே பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். படிவத்தில் பத்துக் கட்டங்களும் நிறைந்திருந்தன, துணி கிழிப்பதற்குக் கட்டம் இல்லை. நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உனக்குப் போட்ட அதே கையெழுத்து.