உடன் வருபவர்

ஏப்ரல் 22, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை, இந்த நோட்டிடமே என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்காரருக்கு, மின்சார அலுவலகத்துக்கு, அக்கா மகளின் பள்ளிக்கு என்று எல்லாருக்காகவும் எழுதியிருக்கிறேன். எனக்காக எழுத உட்கார்ந்தால் அடுத்தவர் பொருளை எடுப்பதுபோல் கை கூசுகிறது.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் நான்கு வருடம் கோப்பு அடுக்கியவளுக்குக் கண்காணிப்பாளர் பதவி. ஊர் வேறு. ரயிலில் ஒரு முழுப் பகல். மே 16-க்குள் சம்மதம் சொல்ல வேண்டும், ஜூன் 2-ல் சேர வேண்டும்.

மூன்று முறை படித்தேன். பிறகு கூடத்து மேசையில் விரித்தபடியே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அப்பா அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைத்திருந்தார். தாளில் வட்டமாக ஈரம்.

"ஆபீஸ் காயிதமா?"

"ஆமாப்பா."

அவ்வளவுதான் பேச்சு. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாது என்பதால்தானே விரித்து வைத்தேன்?

ஏப்ரல் 24, வியாழன்

அக்காவிடம் மட்டும் போனில் சொன்னேன். தையல் தொழிற்சாலையில் மதிய இடைவேளை, பின்னால் ஒரே இரைச்சல். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "அப்பாவ யார் தலையில கட்டிட்டுப் போற? என் தலையிலயா?" என்றாள்.

அம்மா போய் இரண்டு வருடம். அப்பா சமைப்பார், துவைப்பார், வீட்டைக் கண்ணாடிபோல வைத்திருப்பார். மாத்திரைப் பெயரும் வருகிற தபாலும்தான் அவருக்கு ஆகாது. அந்த இரண்டுக்காக நான் காலம் முழுக்க இங்கேயே கிடக்க வேண்டுமா? — இப்படி எழுதியதற்கே பயமாக இருக்கிறது. ஆனாலும் அடிக்கப்போவதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு யோசனை. அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. ஜூனிலிருந்து அவள் படிக்கப்போகும் பள்ளி எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அவள் இங்கே தங்கினால் அப்பா தனியாக இருக்க மாட்டார், நான் போகலாம். ஒரே தடை, தாத்தாவும் பேத்தியும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் எனக்கு நன்றாகவே தெரியும். அப்பா மாத்திரை அட்டையைத் தலைகீழாகப் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் போனில் படம் பிடித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். கீழே சிரிக்கிற முகம் வேறு. அப்பா அந்த போனை வாங்கி, குளியலறை வாளியில் போட்டு, மேலே மூடியும் போட்டுவிட்டார்.

கோடை விடுமுறைக்கு இரண்டு பேரையும் ஓர் ஏரிக்கரை விடுதிக்கு ஐந்து நாள் அனுப்பிப் பார்க்கலாம் என்றேன். அங்கே தாங்கினால் இங்கேயும் தாங்குவார்கள். அக்கா சிரித்தாள். "அதுங்க ரெண்டையும் ஒரே ரூம்ல போட்டா போலீஸ்தான் வரும்" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. விடுமுறையில் மகளை நாள் முழுக்கத் தனியே வீட்டில் விட அவளுக்கும் மனமில்லை.

ஏப்ரல் 30, புதன்

அப்பா முடியவே முடியாது என்றார். அந்த வாயாடி வருகிற பஸ்ஸில் தான் ஏறுவதாக இல்லையாம். விடுதியின் படத்தாளை மேசையில் வைத்துவிட்டு நான் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து குரல்.

"இது இழுக்கற கதவு லிஃப்ட்டு."

முப்பத்தோரு வருடம் ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். எழுத்து தெரியாதே தவிர எண்கள் விரல் நுனியில். படத்தின் மூலையில் கம்பிக்கதவு ஒன்று விரற்கடை அளவுக்குத் தெரிந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"இத இன்னும் யாரு ஓட்டறான்னு பாக்கணும்" என்றார். அது சம்மதம்.

மே 3, சனி

இன்றைக்கு அக்கா வீட்டில் வைத்துப் படிவம் நிரப்பினோம். என் வாழ்க்கையில் நான் நிரப்பிய படிவங்களிலேயே மோசமானது இதுதான்.

'முதன்மை விருந்தினர்' என்று ஒரு கட்டம். அடுத்து 'உடன் வருபவர்'. சத்தமாகப் படித்ததுதான் தப்பு. உடன் வருபவர் என்றால் என்ன என்று அப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார். கூடப் போகிறவர் என்றேன்.

"வாலு மாதிரியா? என் வயசுக்கு நான் ஒரு பொடிசுக்கு வாலா?"

"அப்ப நான் வாலா?" என்றாள் அக்கா மகளும், என்னைப் பார்த்து. "சித்தி, ரூம் நம்பரத் தவிர அவருக்கு அங்க ஒண்ணும் படிக்கத் தெரியாது. நான்தான் கூட்டிட்டுப் போறேன். அவர்தான் கூட வர்றார். உள்ளத எழுதுங்க."

அக்கா கையை ஓங்கிவிட்டாள். அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். கடைசியில் திட்டு எனக்குத்தான். படித்தவளுக்கு ஒரு தாளை மனதுக்குள் படிக்கத் தெரியாதா என்றாள் அக்கா.

பஸ்ஸில் வரும்போது ஆறு வருடத்துக்கு முந்தைய என் பட்டமளிப்பு விழாச் சீட்டு நினைவுக்கு வந்தது. அதிலும் இதே கட்டம், இதே சொல். 'உடன் வருபவர்: ஒருவர்.' அப்பா வேலை இருக்கிறது என்றார். கட்டத்தைக் காலியாக விட்டுத் தனியாகப் போனேன். அன்று அவருக்கு விடுப்பு நாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏன் வரவில்லை? வாசலில் பதிவேட்டில் எழுதச் சொல்வார்கள் என்ற பயமா? கேட்டதில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. ஆனால் கோபம் அப்படியே இருக்கு. ஒரு இம்மி கொறையல.

மே 5, திங்கள்

தீர்வு கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு படிவம். ஒன்றில் அப்பா முதன்மை, அவள் உடன் வருபவர். மற்றதில் அவள் முதன்மை, அப்பா உடன் வருபவர். ஆளுக்கு ஒன்றைக் காட்டினேன். அப்பா தன் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். இரண்டையும் அனுப்பிவிட்டேன்.

மே 8, வியாழன்

விடுதி மேலாளர் அலுவலகத்துக்கே போன் செய்துவிட்டார்.

"ஏங்க, ரெண்டு தாத்தாவும் ரெண்டு பேத்தியும் வர்றாங்களா? எல்லாருக்கும் ஒரே பேரா இருக்கே?"

பக்கத்து மேசைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. மொத்தமே இரண்டு பேர்தான் என்று மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் அதற்குள் இரண்டு அறை ஒதுக்கிவிட்டாராம், இரண்டாம் மாடியில் ஒன்று, நான்காம் மாடியில் ஒன்று. ரத்து செய்யட்டுமா என்றார்.

வேண்டாம் என்றேன். வாழ்க்கையில் நான் செய்த தப்புகளிலேயே உருப்படியான தப்பு.

மே 12, திங்கள்

காலையில் பஸ் ஏற்றிவிட்டேன். பயணச்சீட்டு, விடுதிச் சீட்டு, மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு அக்கா மகளிடம் கொடுத்தேன். அப்பா முன் இருக்கையில், அவள் கடைசி இருக்கையில். நடுவில் ஒரு பஸ் நிறைய ஜனம். நான் கை அசைத்தேன். இரண்டு பேருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மே 13, செவ்வாய்

நான்கு போன். அவள் மூன்று, அப்பா ஒன்று.

"சித்தி, மானம் போகுது. காலையிலேருந்து லிஃப்ட்டுலயே நிக்கறார். வர்றவங்கள எல்லாம் எந்த மாடின்னு கேட்டு பட்டன் அழுத்தி விடறார். ஒருத்தர் இவர ஊழியர்னு நினைச்சுப் பெட்டிய கையில குடுத்துட்டார். இவரும் தூக்கிட்டுப் போயிட்டார்."

அப்பா, வரவேற்பறை போனில், அவள் காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை என்று சுருக்கமாகப் புகார் செய்தார். பத்து மணி வரை தூக்கமாம். நாலாவது மாடிக் கதவை மூன்று தடவை தட்டிப் பார்த்தாராம்.

அவள் மறுபடியும். மனுஷனைத் தூங்க விடமாட்டேங்கறார், மாத்திரை போட்டாரா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அதனால் அட்டையைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாளாம்.

கேட்டாளா? கதவைத் தட்டினாரா? சண்டைதான். ஆனால் பேச்சு.

மே 14, புதன்

கடிதம் காணவில்லை.

மேசை, அலமாரி, கைப்பை, குப்பைத்தொட்டி. எங்கும் இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாத் தாளையும் அள்ளிப் போட்டபோது அதுவும் போயிருக்க வேண்டும். பதிவேட்டுப் பிரிவில் நான்கு வருடம். ஒரு தாள் இடம் மாறியதில்லை.

அவள் எண்ணை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். எடுக்கல. அவ படிச்சிருப்பா. அவ வாய் சும்மா இருக்காது.

மே 15, வியாழன்

அப்பாதான் அழைத்தார்.

"உன் கடுதாசி படிச்சேன்."

படிச்சேன் என்றார். வாயாடியை ஏரிக்கரை பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு வரி விடாமல் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாராம். இந்தப் பயணம் எதற்கு என்பதையும் அவள் சொல்லிவிட்டாள். அவளுக்கு அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அவர் ஒருவரைத் தவிர.

"பதினாறு, அஞ்சு. ரெண்டு, ஆறு. மூணு வாரமா டம்ளர எடுக்கும்போதெல்லாம் அந்த நம்பருங்கதான் கண்ணுல பட்டுச்சு. நம்பர் எனக்குத் தெரியாதா? அந்தத் தேதிக்கு என்னன்னு நீயா சொல்லுவேன்னு பாத்தேன். தினம் பாத்தேன்."

பயமாக இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை என்றேன். அதுவும் பாதிதான் வெளியே வந்தது.

"நான் படிக்காதவன்தான். குருடன் இல்ல."

வைத்துவிட்டார்.

டம்ளரை அவர் ஏன் எப்போதும் அந்தத் தாளின் மேலேயே வைத்தார் என்று இப்போது யோசிக்கிறேன். தாள் பறந்துவிடாமல் இருக்கவா? நான் எடுத்து மறைத்துவிடாமல் இருக்கவா?

மே 16, வெள்ளி

சம்மதம் என்று அனுப்பிவிட்டேன். அப்பாவிடம் கேட்கவில்லை.

மே 17, சனி

வந்துவிட்டார்கள். அப்பா முன்வாசல் வழியாக இறங்கினார், அவள் பின்வாசல் வழியாக. ஆனால் அவருடைய மாத்திரைப் பை அவள் தோளில் இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் இவருக்காக உங்க வீட்டுக்கு வரல சித்தி. ஸ்கூல் கிட்ட இருக்கு, அவ்வளவுதான்."

"வரட்டும்" என்றார் அப்பா, பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்து. "வாளியில எப்பவும் தண்ணி இருக்கும்னு சொல்லி வை."

"மாத்திரை அட்டைய அவரே படிச்சுக்கட்டும்னு சொல்லுங்க."

"நீலம் காலையில, மஞ்சள் சாப்பிட்டப்புறம். நேத்துலேருந்து எனக்கே தெரியும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

அப்பா விடுவிடுவென்று முன்னால் நடந்தார். என்னிடம் வழி முழுக்க ஒரு வார்த்தையும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, மேசையில் பழைய இடத்திலேயே வைத்தார். டம்ளர் வைக்கவில்லை.

மே 18, ஞாயிறு

சம்மதம் கிடைத்ததும் தலைமை அலுவலகம் பணியில் சேரும் படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தது. தெருமுனைக் கடையில் அச்செடுத்து வந்தேன்.

இந்த முறை விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போகவில்லை. அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். பதவி, சேரும் நாள், தங்கும் விடுதி முகவரி, ரத்த வகை. அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். முகம் இறுகித்தான் இருந்தது. என்மேல் இன்னும் கோபம். எனக்கும் அவர்மேல் பழைய பாக்கி இருக்கிறது. இரண்டும் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தன.

கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"என்ன நின்னுட்ட? படி."

படித்தேன். முதல் மூன்று நாள் விடுதியில் என்னுடன் ஒருவர் தங்கலாம். அந்த ஒருவருக்கு ஒரு கட்டம். கட்டத்தின் பெயர் அவருக்கு ஏற்கெனவே தெரியும். வால் என்பார், எழுந்து செருப்பை மாட்டுவார் என்று தெரிந்தும், ஆறு வருடமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

"அப்பா, உடன் வருபவர்னு உங்க பேரப் போடட்டுமா?"